கண்ணாடி நிலை பாலிமர்கள்: இழுத்தால் எப்படி வளைகின்றன, பிடித்து வைத்தால் எப்படித் தளர்கின்றன – படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

பாலிகார்பனேட்டின் டேட்டாஷீட்டைத் திறந்தால் யீல்டு தகைவு (பொருள் விசைக்கு இணங்கி நீளத் தொடங்கும் தகைவு; தகைவு என்றால் பரப்பு அலகுக்கான விசை) 60 முதல் 65 மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "சரி, பாதுகாப்புக்காக 45 என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு பாகத்தை வடிவமைத்து, அதில் ஓர் எடையை நிரந்தரமாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. முதல் வாரமும் ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்புறம் ஒரு நாள் அது கழுத்து போட்டு (ஓரிடத்தில் மட்டும் மெலிந்து) நீண்டு நிற்கும், அல்லது அறுந்து கிடக்கும். டேட்டாஷீட் பொய் சொல்லவில்லை. அந்த எண் எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு வயதான சாம்பிளில் எடுத்தது என்பதை நாம்தான் கேட்கவில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு போகிறது. கண்ணாடி நிலையில் இருக்கும், அதாவது படிகமாகாமலேயே விறைத்துப்போன பாலிமருக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதாவது மூலக்கூறுத் துண்டுகள் இடம் மாற எடுத்துக்கொள்ளும் நேரம். வெப்பம் அந்தக் கடிகாரத்தை வேகப்படுத்தும், தகைவும் வேகப்படுத்தும், வயது மெதுவாக்கும். உங்கள் சோதனை அந்தக் கடிகாரத்தைவிட வேகமா மெதுவா என்று கேட்கப் பழகிவிட்டால் யீல்டு, க்ரீப் (நிலையான எடையில் மெல்ல நீள்வது), தகைவுத் தளர்வு (நீளத்தைப் பிடித்து வைத்தால் தகைவு குறைவது) எல்லாம் தனித்தனிப் பாடங்களாகத் தெரியாது. யோசனை எங்கே சறுக்குகிறது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சறுக்கும் இடங்கள்தான் சுவாரஸ்யமானவை.

படி 1: கண்ணாடி மாறுநிலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

முதலில் உங்கள் பாலிமரின் கண்ணாடி மாறுநிலை வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். தோராயமாகச் சொன்னால் பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ், பிவிசி 80, பாலிஸ்டைரீன் 100, அக்ரிலிக் என்று நாம் சொல்லும் பிஎம்எம்ஏ 105, பாலிகார்பனேட் 150. இந்த வெப்பநிலைக்கு மேலே அந்தப் பொருள் ரப்பர் போல, மீட்சிக் குணகம் (விறைப்பின் அளவு) ஒரு மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். கீழே வந்தால் 2 முதல் 3 கிகாபாஸ்கல். சில பத்து டிகிரி இறங்கியதற்குள் ஆயிரம் மடங்குக்கு மேல் விறைத்துவிடுகிறது, அதுவும் படிகமாகாமலேயே. மூலக்கூறுகளின் அடுக்கில் பெரிய மாற்றம் எதையும் எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. மாறியது அவை அசையும் வேகம் மட்டும்தான்.

அந்த வேகம் எவ்வளவு கடுமையாக மாறுகிறது என்பதற்கு 1955-இல் வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி மூவரும் கொடுத்த சமன்பாடு இன்னும் நல்ல கையேடு. அவர்களுடைய பொதுவான மாறிலிகளைப் (17.44, 51.6) போட்டுப் பார்த்தால், மாறுநிலையிலிருந்து 10 டிகிரி மேலே போனாலே தளர்வு சுமார் 680 மடங்கு வேகமாகிறது. இதே சமன்பாட்டை மாறுநிலைக்குக் கீழே நீட்டிப் போட்டுவிடாதீர்கள், பலரும் அதைச் செய்கிறார்கள். அந்தச் சமன்பாடு சமநிலையில் இருக்கும் திரவத்துக்கானது. கீழே இருப்பது சமநிலையைத் தவறவிட்டு உறைந்துபோன அமைப்பு. அங்கே வெப்பநிலையோடு வேகம் குறைவது இந்தச் சமன்பாடு சொல்வதைவிட மிதமாகத்தான் இருக்கும்.

மாறுநிலை என்பதே நிலையான எண் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து மடங்கு மெதுவாகக் குளிர்வித்தால் அது சுமார் 3 டிகிரி இறங்கும். இரண்டு ஆய்வகங்கள் 2 டிகிரி வித்தியாசத்துக்குச் சண்டை போட்டால் முதலில் குளிர்வித்த வேகத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று. மாறுநிலைக்குக் கீழே எல்லாமே உறைந்துவிடுவதில்லை. முதன்மைச் சங்கிலியின் பெரிய அசைவுகள் (ஆல்பா தளர்வு) நின்றாலும், சின்ன அசைவுகள் (பீட்டா, காமா) தொடரும். பிஎம்எம்ஏ-வில் பக்கக் குழுவாக இருக்கும் எஸ்டர் சுழல்வது அறை வெப்பநிலையை ஒட்டியே நடக்கிறது. பாலிகார்பனேட்டில் இப்படிப்பட்ட ஒரு தளர்வு மைனஸ் 100 டிகிரிப் பக்கம் தெரியும், அதாவது அறை வெப்பநிலையில் அது தாராளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. யீல்டு தகைவு வேகத்தோடு எப்படி மாறுகிறது என்று படி 4-இல் பார்க்கும்போது இந்தச் சின்ன அசைவுகள் திரும்ப வந்து தொல்லை கொடுக்கும்.

படி 2: சாம்பிளின் வரலாற்றை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள்

என் கணக்கில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் படி இதுதான்.

கண்ணாடி நிலை பாலிமர் சும்மா மேசைமேல் கிடந்தாலே மாறிக்கொண்டிருக்கும். சமநிலையை நோக்கி மெதுவாக நகர்கிறது, கன அளவு மிக மெல்லச் சுருங்குகிறது, தளர்வு நேரம் நீள்கிறது. இதற்குப் பெயர் பௌதிக முதுமை. வேதிச் சிதைவு இல்லை, மறுபடி சூடாக்கினால் போய்விடும். 1970-களில் டச்சு ஆய்வாளர் ஸ்ட்ரூயிக் பல பாலிமர்களில் இதை விரிவாக அளந்து காட்டினார்: வெவ்வேறு வயதில் எடுத்த க்ரீப் வளைவுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவம், லாக் (மடக்கை) நேர அச்சில் பக்கவாட்டில் நகர்த்தினால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். எவ்வளவு நகர்த்த வேண்டும்? மாறுநிலைக்குக் கீழே ஒரு பரந்த வெப்பநிலை வரம்பில், வயது பத்து மடங்கானால் தளர்வு நேரமும் கிட்டத்தட்ட பத்து மடங்கு. குளிர்வித்து ஒரு மணி நேரத்தில் சோதித்த சாம்பிளுக்கும் ஆறு வாரம் கழித்துச் சோதித்ததற்கும் சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். "டேட்டா சிதறுகிறது" என்று சொல்லப்படுவதில் ஒரு நல்ல பகுதி இதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. சாம்பிளை முதலில் உலர்த்துங்கள். பிஎம்எம்ஏ தன் எடையில் 2 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும், அந்தத் தண்ணீர் மாறுநிலையை இறக்கிவிடும். அப்புறம் மாறுநிலைக்கு மேலே 10, 15 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள், வடிவம் கெடாதபடி தட்டையான தாங்கியில். ஒரே வேகத்தில் குளிர்வியுங்கள், தண்ணீரில் போடுவதோ அடுப்பிலேயே ஆறவிடுவதோ எதுவானாலும் எல்லாச் சாம்பிளுக்கும் ஒன்றே. குளிர்வித்த நேரத்தை எழுதிவையுங்கள். சோதனையைத் தொடங்கும் வயதும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

ஊசி வார்ப்பில் வந்த சாம்பிளை இப்படிச் சூடாக்கினால் சில சமயம் அது வளைந்து, நீளம் குறைந்து வெளியே வரும். பயப்பட வேண்டாம், அச்சுக்குள் பாயும்போது இழுபட்டு அப்படியே உறைந்த சங்கிலிகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. இதைச் சூடாக்காமலே கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. ஒரு எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, அதன் முன்னால் ஒரு தெளிவான சிடி பெட்டியைப் (அது பாலிஸ்டைரீன்) பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றினால் ஒரு கட்டத்தில் திரை இருண்டு, பெட்டி மட்டும் வானவில் பட்டைகளோடு தெரியும். பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாய்க்கு அருகில் பட்டைகள் நெருக்கமாக இருக்கும். இதே வித்தையை அக்ரிலிக்கில் முயன்றால் அநேகமாக ஏமாற்றம்தான், அதன் ஒளி-தகைவுக் குணகம் (தகைவுக்கு ஏற்ப ஒளியை மாற்றும் அளவு) மிகக் குறைவு. நிறம் தெரியவில்லை என்பதற்காக உள்ளே தகைவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 3: இழுங்கள், வளைவைத் துண்டு துண்டாகப் படியுங்கள்

பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ்ஓ 527 முறையில் மீட்சிக் குணகத்தை 0.05 முதல் 0.25 சதவீதத் திரிபுக்குள் (திரிபு என்றால் ஆரம்ப நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) எடுப்பார்கள். ஏன் இவ்வளவு சின்ன ஜன்னல் என்றால், அதைத் தாண்டினாலே வளைவு நேர்க்கோட்டிலிருந்து விலக ஆரம்பிக்கும். உலோகத்தைப் போல "இதுவரை மீட்சி, இதற்குமேல் திரும்பாத திரிபு" என்று கறாரான எல்லை இங்கே கிடையாது. 2, 3 சதவீதத்தில் நிறுத்தி விடுவித்தால் சாம்பிள் பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் உடனே இல்லை, நேரம் எடுத்துக்கொண்டு. கடிகாரம் வேகம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது என்பதன் முதல் அறிகுறி இந்த வளைவுதான்.

அடுத்து யீல்டு. பாலிகார்பனேட்டில் 6 சதவீதத் திரிபை ஒட்டி வளைவு உச்சம் தொட்டு இறங்கும். அதாவது, தகைவு கடிகாரத்தை எந்த அளவுக்கு வேகப்படுத்திவிட்டதென்றால், நீங்கள் இழுக்கும் வேகத்துக்கு ஈடாக மூலக்கூறுகள் இடம் மாற முடிகிறது. யீல்டை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: பொருள் "உடைந்து கொடுக்கும்" இடம் என்று நினைத்தால் வேகத்தோடு அது ஏன் நகர்கிறது என்பது புரியாமலே போகும்.

உச்சத்துக்குப் பிறகு தகைவு இறங்குவது சாஃப்டனிங். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இழுவைச் சோதனையில் சாம்பிள் கழுத்து போடும். குறுக்குப் பரப்பு அங்கே குறைகிறது. நீங்களோ விசையை ஆரம்பப் பரப்பால் வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இறக்கத்தில் எவ்வளவு வடிவத்தால் வந்தது, எவ்வளவு பொருளின் இயல்பு என்று அந்த வளைவிலிருந்து பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் அமுக்கிப் பாருங்கள். சின்ன உருளைச் சாம்பிள், இரண்டு முனைகளிலும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) டேப், தட்டுக்கும் டேப்புக்கும் நடுவில் சோப்புத் தண்ணீர். உராய்வு குறைந்தால் சாம்பிள் பீப்பாய் போல வீங்காமல் சீராக அமுங்கும், கழுத்துக்கு வாய்ப்பே இல்லை. அப்போதும் தகைவு இறங்கினால் அது உண்மையான சாஃப்டனிங்.

அமுக்கிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அறை வெப்பநிலையில் பிஎம்எம்ஏ-வை இழுத்தால் சில சதவீதத்தில் படாரென்று உடையும், யீல்டைப் பார்க்கவே முடியாது. அதே பிஎம்எம்ஏ அமுக்கினால் 100 மெகாபாஸ்கல் அளவில் ஒழுங்காக யீல்டு ஆகி, மேலும் பல பத்து சதவீதம் அமுங்கும். அழுத்தம் சேரும்போது யீல்டு தகைவு ஏறுகிறது, விரிசலுக்கோ வாய் திறக்க வழியில்லை. இதிலிருந்து கிடைக்கும் ஒரு பாடம்: "இழுக்கும்போது காலி இடம் கூடுகிறது, அதனால்தான் மூலக்கூறுகள் அசைகின்றன" என்ற பழைய விளக்கம் போதாது. அமுக்கும்போது கன அளவு குறைகிறது, அப்போதும்தான் யீல்டு ஆகிறது.

சாஃப்டனிங் முடிந்ததும் ஹார்டனிங். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிய இடங்கள் வலைப்பின்னல் போல வேலை செய்து, சங்கிலிகள் ஒரே திசையில் திரும்பத் திரும்ப மேலும் நீட்டுவது கடினமாகிறது. கழுத்து அப்படியே அறுந்துவிடாமல் இரு பக்கமும் ஊர்ந்து பரவுவது இதனால்தான். எப்போது கழுத்து நிலைக்கும் என்பதற்கு கோன்சிடேர் 1885-இல் சொன்ன வரைமுறை இன்றைக்கும் கைகொடுக்கும்: உண்மைத் தகைவை (விசையை அப்போதைய பரப்பால் வகுத்தது) நீட்சி விகிதத்துக்கு (இப்போதைய நீளத்தை ஆரம்ப நீளத்தால் வகுத்தது) எதிரே வரைந்து, நீட்சி விகிதம் சைபராக இருக்கும் புள்ளியிலிருந்து தொடுகோடு போடுங்கள். ஒரு தொடுகோடு கிடைத்தால் கழுத்து தொடங்கும். இரண்டாவது தொடுகோடும் கிடைத்தால் அது நிலைபெற்றுப் பரவும்.

படி 4: வேகத்தைப் பத்து பத்து மடங்காக மாற்றுங்கள்

ஒரே வேகத்தில் பத்துச் சாம்பிள் இழுப்பதைவிட, ஐந்து வேகத்தில் இரண்டிரண்டு இழுப்பது எத்தனையோ மேல். திரிபு வேகம் நொடிக்கு 0.00001-இலிருந்து 0.1 வரை போகட்டும். யீல்டு தகைவை வேகத்தின் லாகுக்கு எதிரே வரைந்தால் பெரும்பாலும் ஒரு நேர்க்கோடு வரும்.

அந்தக் கோட்டுக்கு விளக்கம் ஹென்றி ஐரிங் 1936-இல் கொடுத்தது. மூலக்கூறுத் துண்டு ஒன்று இடம் மாற ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும்; தகைவு அந்தத் தடையை ஒரு பக்கம் தாழ்த்துகிறது. எவ்வளவு தாழ்த்துகிறது என்பது தகைவை ஒரு கன அளவால் பெருக்கினால் வரும், அதைச் செயலூக்கக் கன அளவு என்பார்கள். கோட்டின் சரிவு சொல்வது அந்தக் கன அளவைத்தான்.

எண் போட்டுப் பார்ப்போம். செயலூக்கக் கன அளவு 3 கன நானோமீட்டர் என்று வையுங்கள், பாலிகார்பனேட்டுக்கு ஏறத்தாழ இந்த வரிசையில்தான் வரும். 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் 4.14 × 10⁻²¹ ஜூல். அதைக் கன அளவால் வகுத்தால் 1.38 மெகாபாஸ்கல்; பத்தடிமான லாகுக்கு மாற்ற 2.3-ஆல் பெருக்கினால் சுமார் 3.2. அதாவது வேகம் பத்து மடங்கு கூடினால் யீல்டு தகைவு 3 மெகாபாஸ்கல் சொச்சம் கூடும். இதையே திருப்பிப் போட்டால்தான் பயமாக இருக்கும்: தகைவு 10 மெகாபாஸ்கல் கூடினால் ஓட்டத்தின் வேகம் சுமார் 1400 மடங்கு.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த 45 மெகாபாஸ்கல் கதைக்கு வாருங்கள். இழுவைச் சோதனையில் 62 மெகாபாஸ்கலில், பத்து நொடி அளவில் யீல்டு ஆகிறது என்று வைப்போம். 45 என்பது 17 குறைவு, 17-ஐ 3.2-ஆல் வகுத்தால் 5.3. பத்து நொடியை 10-இன் 5.3 அடுக்கால் பெருக்கினால் இருபது லட்சம் நொடி, மூன்று வாரம் சொச்சம். இது தோராயம்தான், பொருள் வயதாவதைக் கணக்கில் எடுக்கவில்லை, எடுத்தால் ஆயுள் நீளும். ஆனாலும் பத்து வருடம் தாங்க வேண்டிய பாகத்துக்கு எந்தத் தகைவைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு வரிக் கணக்கு போதும்.

கோடு நேராக வராமல் வேகமான பக்கத்தில் மேல்நோக்கி மடங்கினால் திகைக்க வேண்டாம். படி 1-இல் சொன்ன பீட்டா போன்ற அசைவுகளே அந்த வேகத்தைத் தொடர முடியாமல் பின்தங்கத் தொடங்கியிருக்கின்றன. பிஎம்எம்ஏ-வில் அறை வெப்பநிலையிலேயே இது நன்றாகத் தெரியும். இரண்டு ஐரிங் செயல்களைக் கூட்டி வைத்தால் வளைவு பொருந்திவிடும், ரீ-ஐரிங் என்று 1955-இலிருந்தே புழக்கத்தில் இருக்கும் வழி. மறுபக்கம், மிக வேகமாக இழுக்கும்போது சாம்பிள் தானே சூடாகிறது. அப்போது நீங்கள் அளப்பது அறை வெப்பநிலைச் சாஃப்டனிங் இல்லை, சூட்டினால் வந்த சாஃப்டனிங்கும் சேர்ந்தது.

படி 5: திரிபைப் பிடித்து நிறுத்துங்கள், தகைவு விழுவதைப் பாருங்கள்

இதுதான் தகைவுத் தளர்வுச் சோதனை. செய்முறை எளிது: ஒரு திரிபுக்குக் கொண்டுபோய் நிறுத்து, விசையைப் பதிவு செய். தவறு நடப்பது பதிவு செய்யும் விதத்தில்தான். நொடிக்கு ஒரு புள்ளி என்று சீராக எடுத்தால் முதல் நொடியில் நடந்ததெல்லாம் போய்விடும், பிற்பாடு ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிப் புள்ளிகள் குவியும். லாக் நேரத்தில் சம இடைவெளி வருமாறு எடுங்கள். அப்புறம், திரிபைக் கொண்டுபோக நீங்கள் எடுத்த நேரத்தைப்போலப் பத்து மடங்கு தாண்டிய பிறகு வரும் புள்ளிகளையே நம்புங்கள். அதற்கு முன்னால் இருப்பதில் ஏற்றிய விதத்தின் கைரேகை கலந்திருக்கும். வெப்பநிலையும் அரை டிகிரிக்குள் நிற்கட்டும், பிடிமானங்கள் விரிந்து சுருங்கினாலே விசை ஆடும்.

விழும் வளைவு சாதாரண அடுக்குக்குறிச் சரிவாக இருக்காது. நீட்டப்பட்ட அடுக்குக்குறி என்று ஒன்று உண்டு, ருடால்ஃப் கோல்ராஷ் 1854-இல் லெய்டன் ஜாடியில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிவதற்குப் பயன்படுத்தியது. 1970-இல் வில்லியம்ஸும் வாட்ஸும் பாலிமர் தளர்வுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் நேரத்தைத் தளர்வு நேரத்தால் வகுத்து, பீட்டா என்ற ஒன்றுக்கும் குறைந்த அடுக்கைப் போடுவார்கள் (இந்தப் பீட்டாவுக்கும் படி 1-இன் பீட்டா தளர்வுக்கும் சம்பந்தமில்லை). அடுக்கு 0.4 என்றால், தளர்வு நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கடந்தபோதே தகைவில் 6 சதவீதம் போயிருக்கும், பத்தில் ஒரு பங்கில் 33 சதவீதம் போயிருக்கும். ஆனால் தளர்வு நேரத்தைப்போலப் பத்து மடங்கு கடந்தும் 8 சதவீதம் பாக்கி நிற்கும். சாதாரண அடுக்குக்குறியில் அந்தப் பத்து மடங்கில் ஒன்றுமே மிஞ்சாது. சீக்கிரம் தொடங்கி, முடிக்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போகும் சரிவு இது.

அப்படியானால் உள்ளே ஓடுவது ஒரு கடிகாரம் இல்லை, பல. சில இடங்களில் மூலக்கூறுகள் சுறுசுறுப்பாக, சில நானோமீட்டர் தள்ளி மந்தமாக. சராசரியாக ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுவது வசதிக்காக மட்டுமே.

இப்போது முக்கியமான சோதனை: இதையே வெவ்வேறு திரிபில் செய்யுங்கள், 0.5 சதவீதம், 2, 4, பிறகு யீல்டுக்கு அருகில். மிகச் சின்னத் திரிபுகளில், தகைவைத் திரிபால் வகுத்தால் வளைவுகள் ஒன்றாக விழும். 1874-இல் போல்ட்ஸ்மான் சொன்ன கூட்டல் விதி அங்கே செல்லும், ஒவ்வொரு பழைய திரிபின் விளைவையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். திரிபு கூடக்கூட வளைவுகள் விலகும், தளர்வு மேலும் மேலும் சீக்கிரமாகத் தொடங்கும். தகைவு கடிகாரத்தை வேகப்படுத்துகிறது என்பதை இதைவிட நேரடியாக இழுவை எந்திரத்தில் பார்க்க முடியாது.

படி 6: எடையை நிறுத்தி, நீள்வதைப் பாருங்கள்

க்ரீப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படி 5-இன் மறுபக்கம்தான், திரிபுக்குப் பதில் தகைவு நிலையாக நிற்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை. சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே சாம்பிளுக்கு வயதாகிறது. ஒரு நாள் வயதான சாம்பிளை ஒரு மாதம் சோதித்தால், கடைசி வாரம் அளப்பது முதல் மணியில் இருந்த பொருள் இல்லை. ஸ்ட்ரூயிக் காலத்திலிருந்து வரும் நடைமுறை: சோதனை நேரம் சாம்பிளின் வயதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அதற்குமேல் போனால் வயதுத் திருத்தம் போட வேண்டும். குறுகிய காலச் சோதனையை அதிக வெப்பநிலையில் செய்து, பக்கவாட்டில் நகர்த்தி, பத்து வருடத்துக்கு நீட்டிப் பார்க்கும் பழக்கம் இந்தத் திருத்தம் இல்லாமல் செய்யப்படும்போது க்ரீப்பை அளவுக்கு மீறிப் பெரிதாகக் காட்டும்.

படி 7: யீல்டைத் தாண்டி உள்ளே என்ன நடக்கிறது

2009-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்க் எடிகரின் குழு பிஎம்எம்ஏ-வுக்குள் சாய மூலக்கூறுகளைக் கலந்து, அவை எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்பதை ஒளியால் அளந்துகொண்டே அந்தப் பிளாஸ்டிக்கை இழுத்தது. நீளும் நேரத்தில் மூலக்கூறு அசைவு 1000 மடங்கு வரை கூடியது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: மந்தமான இடங்களுக்கும் சுறுசுறுப்பான இடங்களுக்கும் இருந்த இடைவெளி குறைந்து, அசைவு சீரானது. தகைவு ஆற்றல் தடையைத் தாழ்த்துவது மட்டும்தான் நடக்கிறது என்றால் இந்தச் சீராதலுக்குக் காரணம் சொல்வது கடினம். என்னைக் கேட்டால் ஐரிங் மாடலைக் கணக்குப் போடும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நடப்பதன் படமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

யீல்டைத் தாண்டிய பொருள் வயதை இழக்கிறது. முதுமை ஏறிய சாம்பிளில் யீல்டு உச்சம் உயரமாக இருக்கும், சாஃப்டனிங் ஆழமாக. ஆனால் போதுமான அளவு நீட்டிவிட்டால் புதிய சாம்பிளின் வளைவும் பழையதன் வளைவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இதைப் புத்துயிர்ப்பு என்பார்கள். பாலிஸ்டைரீன் தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, உடனே இழுத்தால், எப்போதும் சட்டென்று உடையும் அந்தப் பொருள் ஒழுங்காக நீளும்! சாஃப்டனிங் அழிந்துவிட்டதால் திரிபு ஒரே இடத்தில் குவியவில்லை. சந்தோஷம் நீடிக்காது, பாலிஸ்டைரீன் வெகு சீக்கிரம் மறுபடி வயதாகி நொறுங்கும் குணத்துக்குத் திரும்பும். பாலிகார்பனேட்டில் அதே விளைவு மாதக்கணக்கில் நிற்கும்.

ஒரு சோதனையைக் கட்டாயம் செய்து பாருங்கள். யீல்டைத் தாண்டி இழுத்து, பின்னோக்கி வந்து, தகைவு சைபரைத் தொடும் இடத்தில் திரிபைப் பிடித்து நிறுத்துங்கள். தகைவு சைபரிலேயே நிற்கும் என்றுதான் தோன்றும். நிற்காது, தானாக ஏறும், ஓர் உச்சம் தொடும், பிறகு மெதுவாக விழும். வெளியே சைபர் காட்டினாலும் உள்ளே சில பகுதிகள் இழுவிசையிலும் சில அமுக்கத்திலும் இருக்கின்றன, ஒரு வகை மற்றதைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. ஒற்றைக் கடிகாரம் மட்டும் வைத்த மாடல் எதுவும் இந்த ஏற்றத்தைக் கொடுக்காது. புது மாடல் ஒன்றை யாராவது காட்டினால் நான் முதலில் கேட்பது இந்த வளைவைத்தான்.

படி 8: நீளுமா, உடையுமா?

பிளாஸ்டிக்கை வளைக்கும்போது வெண்மையாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலிஸ்டைரீனில் அந்தக் கோடுகள் பெரும்பாலும் கிரேஸ்கள். விரிசல் போலத் தெரிந்தாலும் உள்ளே காலி இல்லை; சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் தடிமனான இழைகள் இரு கரைகளையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன, இழைகளுக்கு நடுவே வெற்றிடம். இழைகள் அறுந்தால்தான் அது விரிசல். இன்னொரு பக்கம் ஷியர் பட்டைகள், இவற்றில் கன அளவு கூடாது, பொருள் பக்கவாட்டில் சறுக்குகிறது.

எது வரும் என்பதைப் பெரிய அளவில் தீர்மானிப்பது சங்கிலிச் சிக்கல்களின் நெருக்கம். பாலிஸ்டைரீனில் இரு சிக்கல்களுக்கு நடுவிலான சங்கிலித் துண்டின் மூலக்கூறு எடை 18,000 அளவு, பாலிகார்பனேட்டில் 2,000 அளவு. நெருக்கமான வலை சீக்கிரம் ஹார்டன் ஆகி, திரிபை அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிடும். தளர்வான வலை ஒரே இடத்தில் நீள விட்டுவிடும். சாஃப்டனிங் ஆழமா, ஹார்டனிங் பலமா என்ற போட்டிதான் உடையும் குணத்தின் அடிப்படை.

சாம்பிளைத் துடைக்கும் திரவத்திலும் கவனம் தேவை. அசிட்டோன் பட்ட பாலிகார்பனேட் தகைவில் இருந்தால் கண்ணெதிரே விரிசல் விடும். வெறும் விரல் எண்ணெய்கூடச் சில பாலிமர்களில் கிரேஸைச் சீக்கிரம் தொடங்கிவைக்கும், ஆகவே நடுப்பகுதியைத் தொடாமல் முனைகளைப் பிடியுங்கள். சோதனை செய்யும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பாலிஸ்டைரீன் துண்டுகள் கூர்மையாகப் பறக்கும்.

படி 9: சூடாக்கித் திருப்பி எடுங்கள்

இழுத்து முடித்த சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள். கழுத்து போட்டு ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்ட பாலிகார்பனேட் துண்டின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, மாறுநிலைக்கு மேலே சில டிகிரியில் வையுங்கள். சில நிமிடங்களில் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டு, பழைய தடிமன் திரும்பி, கிட்டத்தட்ட ஆரம்ப நீளத்துக்கே வந்துவிடும். "நிரந்தரத் திரிபு" என்று டேட்டாஷீட் எழுதும் அந்தத் திரிபு, உறைந்து காத்திருந்த திரிபுதான்: சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி ஓடிவிடவில்லை, சிக்கல்கள் அப்படியே இருக்கின்றன, திரும்பி வரக் கடிகாரம் மட்டும் ஓடவில்லை. மாறுநிலைக்குச் சற்றுக் கீழேயே ஒரு பகுதி திரும்பத் தொடங்குவதையும் பார்க்கலாம், சின்னத் திரிபில் இழுத்ததில் இது அதிகமாகத் தெரியும்.

ஹாவர்டும் தாக்ரேயும் 1968-இல் போட்ட மாடல் இதைத்தான் படமாக்குகிறது: ஒரு மீட்சி வில், அதோடு தொடராக ஓர் ஐரிங் டாஷ்பாட் (பிசுப்பான ஓட்டத்தைக் குறிக்கும் தணிப்பான்), அந்த டாஷ்பாட்டுக்குப் பக்கத்தில் இணையாக ரப்பர் வில். சூடாக்கினால் டாஷ்பாட் இளகும், ரப்பர் வில் எல்லாவற்றையும் திருப்பி இழுத்துவிடும். பின்னால் வந்த பெரிய முப்பரிமாண மாடல்கள் பலவற்றுக்கும் எலும்புக்கூடு இதுவே, ஆகவே எந்தப் பெரிய மென்பொருளைத் தொடுவதற்கு முன்னாலும் இதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள். படி 4-இன் சரிவும் படி 3-இல் அமுக்கி எடுத்த ஹார்டனிங்கும் போதும், தொடங்கிவிடலாம்.

முழுதாகத் திரும்பாமல் ஆரம்ப நீளத்தைவிட இரண்டு, மூன்று சதவீதம் கூடுதலாக நின்றால் பரவாயில்லை. பத்து சதவீதம் பாக்கி நின்றால், ஒன்று மிக மெதுவாக அல்லது மாறுநிலைக்கு மிக அருகில் இழுத்ததில் சிக்கல்கள் நழுவியிருக்கின்றன, இல்லையென்றால் சங்கிலிகளே அறுந்திருக்கின்றன. அந்தச் சாம்பிளின் ஹார்டனிங் பகுதியை மாடலுக்குள் போடாமல் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.